வட்டத்துக்குள் ஒரு கஞ்சிரா

சார்ஜாவில் ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரி என்றால், மற்ற காரியங்கள் எல்லாம் முடிந்து மிச்சமிருக்கும் நேரத்தில் சங்கீதமும் நடக்கும். முதலில் குத்துவிளக்கு. விளக்குக்கு ஐந்து முகம் இருப்பதால் ஏற்றுவதற்கு ஐந்து பிரமுகர்கள் தேவை. ஐந்து பிரமுகர்களை மேடையில் ஏற்றிவிட்டு, அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இறக்கிவிட முடியாது. பேசியபின் பொன்னாடை. பொன்னாடை போர்த்துகிறவருக்கும் ஒரு பொன்னாடை, இல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். நடுவில் எங்கோ ஒரு வர்ணம், இரண்டு கிருதி. பிறகு சபாவின் செயலாளர் ஸ்ரீனிவாசன் நன்றியுரை வழங்குவார். மைக் செட்டுக்காரரில் ஆரம்பித்து, கார் நிறுத்த இடம் கொடுத்த பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி வரைக்கும் ஒருவரையும் விடமாட்டார்.

இந்த நன்றியுரைக்கு நேரம் வேண்டுமே. அதற்காக வருஷா வருஷம் வெட்டப்படுவது தனி ஆவர்த்தனம். பாடகர் பாட்டை நிறுத்தி, பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடிக்க ஆரம்பித்தால், இனி தாளவாத்தியக்காரர்கள் பாடு என்று அர்த்தம். மிருதங்கம் வாசிக்கும், பிறகு கடம், கடைசியில் கஞ்சிரா. அந்தக் கடைசி வருவதற்குள் ஸ்ரீனிவாசன் மேடையோரத்தில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிடுவார்.

அந்தக் கஞ்சிராக்காரர்தான் சேதுமாதவன். சார்ஜாவின் முவைலா பகுதியில் குடியிருப்பு, ஐம்பதைத் தாண்டிய வயது, எரிவாயுக் குழாய்களின் வால்வுகளைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போடும் உத்தியோகம். வளைகுடா முழுக்க இவர் கையெழுத்துப் போட்டால்தான் வால்வு திறக்கும். மேடையில் மட்டும் இவருக்காக எதுவும் திறந்ததில்லை. ஆள் ஒன்றும் லேசுப்பட்டவர் அல்ல. மற்றவர் கச்சேரிக்குப் போனால் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். பாடகர் எங்கே இருக்கிறார் என்று பாடகருக்கே ஞாபகப்படுத்துகிற அளவுக்குச் சத்தமாகப் போடுவார்.

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. ஒரு தனியை, யாரும் நடுவில் கடிகாரத்தைத் தட்டாமல், ஆரம்பத்திலிருந்து கோர்வை வரைக்கும் வாசித்து முடிக்கவேண்டும். கோர்வை என்பது தனியின் கடைசியில் வருகிற கணக்கு. ஒரே சொற்கட்டை மூன்று தடவை வாசிக்கவேண்டும். மூன்றாவது தடவை முடிகிற அந்தக் கணத்தில் பாடகர் விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்துக்கொள்வார். சேதுமாதவன் தானே ஒரு கோர்வை கட்டி வைத்திருந்தார். பல வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. முவைலா வீட்டுக் குளியலறையையும், தோஹா, மஸ்கட், மனாமா ஓட்டல்களின் குளியலறைகளையும் தவிர வேறு யாரும் அதைக் கேட்டதில்லை.

"உங்க கோர்வையக் கேட்டுக் கேட்டு நம்மாத்து வாஷிங் மெஷினே அந்தக் கணக்குல சுத்தறது" என்பாள் மனைவி பானுமதி.

இந்த வருஷம் சபாவுக்கு வெள்ளிவிழா. சென்னையிலிருந்து பெரிய வித்வான் வருகிறார். அவரோடு மிருதங்கம், கடம், மோர்சிங் எல்லாம் ஒரே விமானத்தில் வருகின்றன. சேதுமாதவன் கத்தாருக்குக் கிளம்பும் அன்று ஸ்ரீனிவாசன் போன் செய்தார்.

"சேது, ஒனக்கு இந்த வருஷம் ரொம்பப் பெரிய பொறுப்பு குடுத்திருக்கேன். பொன்னாடைத் தட்டு நீதான் ஏந்திண்டு வரணும். அதுக்கு ஒரு பர்சனாலிட்டி வேணும் பாரு."

"கஞ்சிரா?"

"கஞ்சிரா இந்த வருஷம் மாஃபி" என்றார் ஸ்ரீனிவாசன், இல்லை என்பதை அரபியில் சொன்னால் வலிக்காது என்பதுபோல.

அந்த வாரம் கத்தாரின் எரிவாயு ஊரான ராஸ் லஃபானில் வால்வுகளுக்குக் கெட்ட காலம். சேதுமாதவன் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்தார். கூடவே சுற்றிய ஜெயசீலன் அதைக் கவனித்துவிட்டான். ஜெயசீலன் அங்கே பெர்மிட் சூப்பர்வைசர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். எந்த அதிகாரியையும் சிரிக்க வைத்துக் கையெழுத்து வாங்கிவிடும் திறமைசாலி.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஓட்டல் ரூம்ல கெடந்து என்ன சார் செய்யப் போறிய? எங்கூட வாங்க. எங்க டோனல் ஊதுததைக் கேக்கலாம்."

டோனல் என்பவர் அதே பிளாண்ட்டில் வேலை பார்க்கும் ஐரிஷ் என்ஜினியர். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் தோஹாவில் ஒரு ஓட்டலின் பாரில் புல்லாங்குழலோடு உட்கார்ந்துவிடுவாராம். அவர் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொள்வார்களாம்.

"பாரா?" என்றார் சேதுமாதவன்.

"பாருதான். நீங்க லெமன் ஜூஸ் குடிங்க. ஒங்களுக்கும் சேத்து நான் குடிக்கேன்."

சேதுமாதவன் எங்கே போனாலும் லேப்டாப் பையில் லேப்டாப்புக்குப் பின்னால் கஞ்சிரா இருக்கும். விரித்த உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மரவளையம், ஒரு பக்கம் ஆட்டுத்தோல், விளிம்பில் சின்னதாக ஜல்ஜல் என்று காசுகள். தோலை நனைக்கத் தொப்பி வைத்த ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டி. அன்றைக்கும் பையை எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார்.

பார் வாசலில் பாஸ்போர்ட்டை மெஷினில் வைத்து ஸ்கேன் செய்தார்கள். விமான நிலையத்தைத் தவிர வேறெங்கும் இதைச் செய்ய விட்டதில்லை அவர். தன் பெயர் இப்போது எந்தப் பதிவில் ஏறியதோ, பானுமதிக்கு மெசேஜ் போகுமோ என்று ஒரு கணம் கலங்கினார். உள்ளே மரச்சாயம் பூசிய சுவர், பச்சை நாற்காலிகள், சத்தம் அணைத்து ஓடும் கால்பந்து மேட்ச், உருளைக்கிழங்கு வாசனை. அவர் கண் முதலில் மேடையைத் தேடியது. மேடை இல்லை. மைக் இல்லை. சபாக்காரருக்கு உரிய இரண்டாவது தேடல் முன்வரிசை, அதுவும் இல்லை.

மூலையில் ஒரு மேஜை. அதைச் சுற்றி ஐந்தாறு பேர் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பாரில் இருந்த மற்ற எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு.

"இதுல மெயின் ஆர்ட்டிஸ்ட் யாரு?"

"அப்பிடி யாருங் கெடையாது சார்."

"அதெப்படி. யாராவது இருந்துதானே ஆகணும்?"

"நானும் மொத நாள் இதைத்தான் கேட்டேன். டோனல் சிரிச்சான். செவத்த மூஞ்சி இன்னுஞ் செவந்துட்டு."

டோனல் இருவரையும் பார்த்துத் தலையசைத்தார். வட்டத்துக்கு வெளியே, ஆனால் ஒட்டினாற்போல், இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தார்கள். யாரும் வரவேற்கவில்லை, யாரும் விரட்டவுமில்லை. ஒருத்தி பிடிலை எடுத்துக் கழுத்தில் இடுக்கினாள். ஓர்லா என்று பெயர், பள்ளிக்கூட டீச்சர் என்று ஜெயசீலன் காதில் சொன்னான். பேச்சின் நடுவில், பக்கத்திலிருப்பவர் ஏதோ சொல்லி முடிக்கும் முன்பே அவள் வில்லைப் போட்டாள்.

சேதுமாதவன் இந்த மாதிரி சங்கீதத்தை ஓட்டல் லிஃப்ட்டில் கேட்டிருக்கிறார், ஆகவே அதைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தார். அந்த நினைப்பு நாலு அடிகூடத் தாங்கவில்லை. பிடில் எடுத்த வரியை இரண்டாவது மூச்சில் டோனலின் குழல் பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு பாஞ்சோ. எல்லாரும் ஒரே வரியைத்தான் வாசித்தார்கள். வரியைப் பின்தொடர என்று ஒரு பக்கவாத்தியம் கிடையாது, மேல்ஸ்தாயி கீழ்ஸ்தாயி என்று பங்கு பிரிக்கவில்லை. ஆனால் ஒருவர் வாசித்தது இன்னொருவர் வாசித்தது அல்ல. ஒரே வாக்கியத்தை ஐந்து பேர் ஒரே மூச்சில் சொல்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் அது சொந்த விஷயம் என்பதுபோல இருந்தது. குழல் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டுப் போன இடத்தில் பிடில் அதை உருட்டியது. அதை யாரும் யாருக்கும் காட்டவில்லை. யாரும் பக்கத்து ஆளைப் பார்த்து பேஷ் சொல்லவில்லை.

அவர் விரல் தொடையில் தானாகத் தாளம் போட்டது. தகிட தகிட என்று மும்மூன்றாக ஓடுகிற நடை. முதல் பாதி இரண்டு தடவை, மறு பாதி இரண்டு தடவை. முடிந்ததும் மறுபடி தலையிலிருந்து. அதுவும் முடிந்தால் இன்னொரு தரம். மூன்றாவது தரம் முடிகிற இடத்தில் ஓர்லா ஒரு புருவத்தைத் தூக்கினாள். அவ்வளவுதான். மொத்த வட்டமும் வேறொரு மெட்டுக்குத் திரும்பிவிட்டது. சிக்னலும் ஹாரனும் இல்லாமல் ஆறு லாரிகள் ரவுண்டபவுட்டில் சேர்ந்து திரும்பி, ஒன்றுமே நடக்காததுபோல் போவதைப் பார்த்தவர் மாதிரி சேதுமாதவன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த மெட்டையும் மூன்று தடவை வாசித்தார்கள். பிறகு இன்னொன்று. பிறகு நின்றது. கைதட்டல் இல்லை. எல்லாரும் கிளாஸை எடுத்தார்கள், விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள். வாடகை ஏறியதைப் பற்றி.

சேதுமாதவனால் பொறுக்க முடியவில்லை. குனிந்து டோனலிடம் இங்கிலீஷில் கேட்டார். "கடைசியா வாசிச்சீங்களே, அது பேரு என்ன?"

டோனல் யோசித்தார். "தெரியாதே. ஓர்லா, அதுக்குப் பேரு இருக்கா?"

"இருந்தது. மறந்துட்டேன்" என்றாள் ஓர்லா.

"யார் இயற்றினது?"

"ஒருத்தர்கிட்ட கேட்டுக் கத்துக்கிட்டேன். அவர் வேற ஒருத்தர்கிட்ட."

ராகம், தாளம், இயற்றியவர், யார் வேண்டுகோளுக்கு இணங்கிப் பாடுகிறோம், அதை வழங்குவோர் எந்த நகைக்கடை என்றெல்லாம் அறிவித்தே பழகிய காதுக்கு இது பெரிய அடி. மனம் என்னவோ புண்படவில்லை. இவ்வளவு அழகான ஒன்றுக்கு ஒருவரும் உரிமை கொண்டாடவில்லையே என்று அதிசயித்தபடி எலுமிச்சைச் சாறைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

அப்போது வாசலில் சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். கசங்கிய சட்டை, விமானத்தில் தூங்கிய முகம். இரண்டு விமானங்களுக்கு நடுவில் கிடைத்த சில மணி நேரத்தில் ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸி பிடித்து வந்திருக்கிறார். ஆஸ்திரேலியா போகிறவராம். வட்டத்தின் பக்கம் வந்து, "இடம் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. பெட்டிக்குள்ளிருந்து ஆறு பக்கம் கொண்ட ஒரு சின்னக் கூட்டை எடுத்தார். ஆர்மோனியத்தின் பேரப்பிள்ளை மாதிரி, இரண்டு கைக்கும் நடுவில் விரிந்து சுருங்குகிற கான்செர்டினா.

"ஆரம்பிங்க" என்றாள் ஓர்லா. வந்தவர் ஆரம்பிக்கவேண்டும் என்பது அவர்கள் மரியாதை போலிருக்கிறது. அவர் ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் எல்லாரும் உள்ளே இருந்தார்கள்.

"இவருக்கு இவங்களை முன்னாடியே தெரியுமா?" என்று ஜெயசீலனிடம் கேட்டார் சேதுமாதவன்.

"தெரியாது சார். அவனுவளுக்கு எங்க போனாலும் இதுதான். டோனல் மஸ்கட்ல இருந்தப்பவும் இப்பிடித்தானாம், பஹ்ரைன்லயும் இப்பிடித்தானாம். ஊரு எறங்குனதும் எங்க வாசிக்காங்கன்னு கேப்பான். நாம போய் எறங்குனதும் சாப்பாட்டு மெஸ் எங்கன்னு கேப்போம்லா, அது மாதிரி."

எத்தனை மெட்டு இருக்கும் இவர்கள் மனசில்? எந்தத் தேசத்துப் பாரில் எந்த ஊர்க்காரன் வந்து உட்கார்ந்தாலும் இரண்டாவது வரியில் சேர்ந்துகொள்ள முடிகிறதென்றால், இந்தப் பாலைவனத்தின் அடியில் ஓடும் குழாய் வலைமாதிரி, கண்ணுக்குத் தெரியாமல் உலகம் முழுக்க ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே திறந்தாலும் ஒரே அழுத்தத்தில் வருகிறது. வால்வுக்காரருக்கு வேறு உவமை தோன்றவில்லை. அதற்குக் கையெழுத்துப் போட யாரும் தேவைப்படவில்லை என்பதையும் கவனித்தார்.

வட்டத்தில் தாளத்துக்கு ஒருத்தி இருந்தாள். க்ரான்யா என்று பெயர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரிய தாம்பாளம் அளவுக்கு ஒரு பக்கம் தோல் போர்த்திய வளையத்தை மடியில் நிறுத்தி, சின்னக் குச்சியால் வாசித்துக்கொண்டிருந்தாள். மெட்டு நின்றபோது தோலை விரலால் தட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். ஏசி காற்றில் விறைத்துவிட்டது. கைப்பையிலிருந்து சின்ன ஸ்ப்ரே புட்டியை எடுத்துப் பின்புறம் தண்ணீர் அடித்து, உள்ளங்கையால் தடவினாள்.

சேதுமாதவன் தன்னை அறியாமல் பையைத் திறந்து தன் தண்ணீர்ப் புட்டியை வெளியே எடுத்துவிட்டார். க்ரான்யா புட்டியைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"என்ன வச்சிருக்கீங்க உள்ள?"

"ஒண்ணுமில்லை" என்றார் சேதுமாதவன்.

"டிரம்மு" என்றான் ஜெயசீலன். "சார் பெரிய ஆளு. சார்ஜாவுல சாரைக் கேட்டுத்தான் எல்லாம்."

க்ரான்யா கஞ்சிராவை வாங்கிக் கையில் எடை பார்த்தாள். காசுகள் சிணுங்கின. இதில் குச்சி எங்கே என்று கேட்டாள். விரல்தான் என்று காட்டினார். டோனல் எட்டிப் பார்த்து, நயமாகத்தான், ஒரு விஷயத்தைச் சொன்னார்: ஒரு நேரத்தில் ஒரு தோல்தான். இரண்டு சேர்ந்தால் மெட்டு காணாமல் போய்விடும்.

"எனக்குப் பசி. அடுத்ததுக்கு இவர் வாசிக்கட்டும்" என்று க்ரான்யா எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாள்.

மேடையோரத்திலேயே காலம் தள்ளியவர் வட்டத்துக்குள் உட்கார்ந்தார். தோலில் நாலு சொட்டு விட்டுத் தட்டிப் பார்த்தார். கான்செர்டினாக்காரர் ஒரு தகிட நடையை எடுத்தார், பிடிலும் குழலும் ஏறிக்கொண்டன. சேதுமாதவன் வாசித்தார். வழக்கமாக அவர் கை தன் இருப்பைத் தெரிவிக்கவே வாசிக்கும். இப்போது அதற்கு அவசியம் வரவில்லை. மெட்டே அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அடி எங்கே விழவேண்டும் என்று மெட்டு முன்கூட்டியே இடம் ஒதுக்கி வைத்திருந்தது. அவர் அந்த இடங்களில் மெதுவாகக் கால் வைத்து நடந்தார். ஓர்லா அவர் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தாள்.

மூன்றாவது மெட்டின் மூன்றாவது சுற்று முடிந்தது. ஓர்லா வில்லை மடியில் வைத்தாள். கான்செர்டினா சுருங்கியது. டோனல் குழலைத் துடைத்து வைத்துவிட்டுக் கிளாஸை எடுத்து வாயருகே கொண்டுபோனார். எல்லாரும் கிளாஸை எடுத்தார்கள்.

இதைப் பார்த்தால் உலகத்தில் வேறு யாருக்கும் ஒன்றும் தோன்றாது. தாகம் எடுத்திருக்கிறது என்று நினைப்பார்கள். கர்நாடக மேடையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவருக்கு அதன் அர்த்தம் வேறு. பிரதான வித்வான் வாத்தியத்தைக் கீழே வைத்துக் குடிக்க எதையாவது எடுத்தால், அது தனி. கொடுத்துவிட்டார்கள். தனக்கு, முன்பின் தெரியாத இவர்கள், கேட்காமலே.

சேதுமாதவனுக்குக் கண் கலங்கியது. டோனலைப் பார்த்து மரியாதையாகத் தலை வணங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தனியை ஆரம்பித்தார்.

விட்ட அதே நடையில், அதே வேகத்தில் எடுத்தார். எளிய சொற்களாகப் போட்டார். பிறகு அவற்றை உடைத்தார். இடது கை விரலால் தோலை அழுத்த, அடிநாதம் கீழே இறங்கி உறுமியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

டோனலின் கிளாஸ் உதட்டுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றிருந்தது. க்ரான்யா சிப்ஸ் தட்டைப் பிடித்தபடி பாதி வழியில் நின்றிருந்தாள், வாயில் ஒன்று மெல்லப்படாமல். ஜெயசீலன் மட்டும் பதற்றமாகக் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். ஊருக்கு வந்த விருந்தாளி தப்பான வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்ப்பவன் முகம் அது.

அப்போதுதான் சேதுமாதவனுக்கு உறைத்தது. யாரும் எதையும் கொடுக்கவில்லை. அவர்கள் தண்ணி குடிக்க நிறுத்தினார்கள். அவ்வளவுதான். பேர் தெரியாத மெட்டைப் பேர் தெரியாமலே வாசிக்கிற இந்த ஜனங்களின் நடுவில் சபாக் கொழுப்போடு வந்து உட்கார்ந்து, கேட்காத தனியை வாசித்துக்கொண்டிருக்கிறார். காது மடல் எரிந்தது. கை நிற்கவில்லை. நிறுத்தினால் இன்னும் அசிங்கம். யாராவது கடிகாரத்தைக் காட்டினால் தேவலை என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கே தோன்றியது.

யாரும் காட்டவில்லை. பின்மேஜையில் ஒரு கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. டோனல் திரும்பி, "ஷ்" என்றார். அதட்டல் இல்லை, குழந்தை தூங்குகிறது என்பதுபோல ஒரு சத்தம். அந்த மேஜை அடங்கியது. வட்டத்தில் ஒருவர் தனியாகப் பாடினால் மற்றவர்கள் மூச்சுக்கூட விடமாட்டார்கள் என்று பிற்பாடு ஜெயசீலன் சொன்னான். இவர் பாடுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள் போலும். கிளாஸ்கள் சத்தமில்லாமல் மேஜைக்கு இறங்கின.

பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஓர் அதிர்வு அவர் காலில் தெரிந்தது. ஓர்லாவின் செருப்பு. டோனலின் கனத்த ஷூ. பாஞ்சோக்காரரின் கேன்வாஸ் ஷூ. மரத்தரையில் எல்லாக் கால்களும் ஒரே அடியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. சேதுமாதவன் நம்பாமல் ஒரு சோதனை செய்தார். அடி விழும் இடத்தை விட்டுவிட்டு, இடுக்கில் வாசித்தார். சார்ஜாவில் இதைச் செய்தால் முன்வரிசையில் பாதிக் கைகள் தடுமாறிப் பக்கத்துக் கைகளைப் பார்க்கும். இங்கே ஒரு கால்கூடப் பிசகவில்லை. இன்னும் குறுக்காகப் போனார், நாலை மூன்றில் மடித்தார். கால்கள் இறங்கின, ஏறின. அவர் எவ்வளவு தூரம் ஓடினாலும் வீடு அதே இடத்தில் இருந்தது.

இப்போது கோர்வைதான் பாக்கி. அங்கேதான் சிக்கல். கோர்வையின் மூன்றாவது தடவை முடிகிற இடத்தில் பாட்டு வந்து ஏந்திக்கொள்ளவேண்டும். ஏந்த ஆள் இல்லாவிட்டால் அது கடைசிப் படி இல்லாத மாடிப்படியில் ஓடி இறங்குவது. கோர்வை என்று ஒரு சமாசாரம் உண்டென்றே இவர்களுக்குத் தெரியாதே. இவர் முடிப்பார், பார் முழுக்க நிசப்தமாக இருக்கும், யாராவது பாவம் பார்த்து இரண்டு தட்டு தட்டுவார்கள். அதைவிட இப்படியே மெல்ல மெல்லக் குறைத்து, வாசித்ததே தெரியாமல் நழுவி வெளியே வந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

நினைத்து முடிப்பதற்குள் கை கோர்வைக்குள் இறங்கிவிட்டது.

முதல் தடவை. குளியலறைச் சுவர்கள் மட்டும் அறிந்த அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக நீண்டு, பிறகு குறுகி, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்து முடிந்தன. டோனல் தலையைச் சாய்த்தார்.

இரண்டாவது தடவை. அதே சொற்கள். விமானத்துக்குப் போகவேண்டிய மனிதர் அதற்குள் எழுந்து பெட்டியின் பிடியைப் பிடித்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தவர், தலையை நிமிர்த்தினார். இதை இப்போதுதானே கேட்டோம் என்ற முகம். ஓர்லாவைப் பார்த்தார். ஓர்லாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவரும் அன்றைக்குத்தான் சந்தித்தவர்கள், ஒருவர் பேர் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் ஒரே விஷயம் வரிசையாக வந்தால் அது மூன்று தடவை வரும், மூன்றாவது முடிந்ததும் திரும்பவேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. பாலூட்டும்போதே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. அவர் பெட்டியை விட்டுவிட்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து கான்செர்டினாவை எடுத்தார். பிடில் கழுத்துக்கு ஏறியது. குழல் உதட்டுக்குப் போனது.

சேதுமாதவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் மூன்றாவது தடவைக்குள் போனார். பார்த்ததை நம்பவில்லை. கடைசிச் சொற்கள் நெருங்கின. கால்கள் கீழே இறங்கி ஏறின. கடைசி அடி தோலில் விழுந்தது.

அந்த அடியின் மேலேயே மெட்டு வந்து உட்கார்ந்தது. ஒரு இமைப்பொழுது பின்னாலும் இல்லை, முன்னாலும் இல்லை. கான்செர்டினா, பிடில், குழல், பாஞ்சோ எல்லாம் சேர்ந்து, அவர் கேட்டே இராத புது மெட்டு, பளீரென்று. ஓடி இறங்கியவர் காலடியில் படி இருந்தது மட்டுமல்ல, அது முற்றமாக விரிந்து கிடந்தது. எத்தனையோ பெரிய வித்வான்கள் அவருக்கு முன்னால் எத்தனையோ தனிகளின் முடிவில் பாட்டை எடுத்திருக்கிறார்கள்; சிலர் தேடி எடுப்பார்கள், சிலர் விட்டு எடுப்பார்கள், சிலர் மிருதங்கக்காரர் கண்ணைக் காட்டினால்தான் எடுப்பார்கள். சொல்லாமல், அறியாமல், கேட்ட இரண்டே தடவையை நம்பி இப்படி ஏந்தியவர்களை அவர் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. கைதட்ட யாருக்கும் இடைவெளியே கிடைக்கவில்லை என்பது அவருக்குத் தோன்றக்கூட இல்லை.

மெட்டு ஒரு சுற்று முடிந்ததும் அவர் கஞ்சிராவை மடியில் வைத்தார். க்ரான்யாவைப் பார்த்துத் தன் நாற்காலியைக் காட்டினார். அவள் சிப்ஸ் எண்ணெயை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார, அவர் எழுந்து வெளி நாற்காலிக்குப் போனார். மெட்டு நிற்கவில்லை. குச்சி பெரிய தோலில் இறங்கியது.

"என்ன சார், எந்திச்சிட்டிய? இன்னும் வாசிக்கலாம்லா?"

"போதும் ஜெயசீலன்."

"கோவமா?"

"சேச்சே. முடிச்சுட்டேன்."

மெட்டு மூன்று சுற்று வந்து, இன்னொன்றாகித் தொடர்ந்தது. நடுவிலேயே கான்செர்டினாக்காரர் எழுந்தார். வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தார். மற்றவர்கள் வாசித்துக்கொண்டே தலையை அசைத்தார்கள், அவரும் அசைத்தார். சேதுமாதவனைத் தாண்டும்போது குனிந்து, "அந்த முடிவு எனக்கு வேணும். விமானத்துல யோசிச்சுக்கிட்டே போறேன்" என்றார். சக்கரப்பெட்டி பாஸ்போர்ட் மெஷினைக் கடந்து வெளியே உருண்டது.

"யாரு சார் அது? பேரென்ன?"

"கேக்கலை."

"கேக்கலையா? ரெண்டு பேரும் காலங்காலமாச் சேந்து வாசிச்ச மாதிரில்லா இருந்தது."

சேதுமாதவன் கஞ்சிராவைப் பையில் வைத்தார். போன் மடியில் அதிர்ந்தது, பானுமதி. 'எங்கே இருக்கேள்' என்று கேட்டிருந்தாள். பாரில் என்று எழுதி அனுப்பினார். வேறு எதையும் சேர்க்கத் தோன்றவில்லை. அதற்கு அவள் என்ன பதில் போட்டாள் என்றும் பார்க்கவில்லை.

ஓர்லா இப்போது மெதுவான ஒன்றை எடுத்திருந்தாள். குச்சி ஓய்ந்தது, கால்கள் ஓய்ந்தன. பிடில் மட்டும். வில் கம்பியிலிருந்து எடுக்கப்படவே இல்லை போலிருந்தது. ஒரு சுரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சேதுமாதவன் பழக்கத்தில் தொடைமேல் விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார். எங்கேயோ தவறிவிட்டது. தவறிய இடத்தைத் தேடப் போனார். பிறகு அதையும் விட்டுவிட்டு, தொடையிலிருந்து கையை எடுத்து, நாற்காலியின் பக்கத்தில் தொங்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.